அட்டை செருகப்படவில்லை

வூப்பெற்றால், பார்மன், மூன்றாம் மாடி.
ஆற்றுக்கு மேலே தொங்கிக்கொண்டு ஓடும் ரயில்
யன்னலைக் கடக்கிறபோதெல்லாம்
அலுமாரிக் கண்ணாடியில் ஒரு வெளிச்சம் நுழைந்து
ஒன்றும் எடுக்காமல் வெளியே போகும்.

பழஞ்சாமான் சந்தையில் டெட்லெவ் என்ற ஒருவனிடம்
நாற்பது மார்க்குக்குக் குணாளன் வாங்கிவந்தது:
சாம்பல் நிறப் பெட்டி,
வயர் உரிந்த ஒரு கைப்பிடி,
மூடி வெடித்த உறைக்குள் ஒரேயொரு தட்டு.
ஞாபக அட்டை இல்லை.
அதற்குத் தனியாய் முப்பத்தைந்து மார்க்காம்.
அடுத்த மாதம் பார்ப்போம் என்றார்.
பின்னேரம் நாலரைக்குக் கோப்பை கழுவப் போனால்
சாமம் இரண்டு மணிக்குத்தான் வருகிற மனுசன்.

தட்டுக்குள் ஒரு சயரோக ஆஸ்பத்திரி.
மலை, பனி, கைவிட்ட கட்டிடம்,
தாதி உடுப்பில் ஒருத்தி. அவள்தான் நான்.
எட்டுச் சாமானுக்குமேல் காவ ஏலாது:
மருந்தா, தோட்டாவா, சாவியா?
கூரை மூலையில் ஒரு கமரா
எறும்பைப் பார்ப்பதுபோல அவளைப் பார்க்கும்.
வளைவுக்கு அப்பால் நிற்பது என்னவென்று
அதற்குத் தெரியும்.
எனக்கு முதலில் சத்தம்தான்:
ஈரச்சாக்கை யாரோ
படி படியாய் இழுத்து வருகிற மாதிரி.

கதவைத் தொட்டால் கீழே எழுத்து ஓடும்.
அகராதி மடியில்.
கதவு பூட்டியிருக்கிறது.
கதவு மறுபக்கத்தால் பூட்டியிருக்கிறது.
இங்கே விசேஷமாய் எதுவும் இல்லை.
இந்தச் சாவி இனித் தேவைப்படாது, எறிந்துவிடவா?
எனக்கு முதலில் வாய்த்த டொச் இவ்வளவும்தான்.
இடுப்பு நோவென்று போன இடத்தில்
டொக்டர் என்னவோ கேட்க
விசேஷமாய் எதுவும் இல்லை என்றேன்.
உச்சரிப்பு நல்லாயிருக்கிறதென்று
அனுப்பிவிட்டார்.

சில அறைகளுக்குள் அதுகள் வராது.
அங்கே ஒரு சுவர்மணிக்கூடு.
சாவி கொடுத்தால் இதுவரை நடந்தது பதியுமாம்.
கொடுப்பேன்.
அட்டை செருகப்படவில்லை.
திரும்பவும் கொடுப்பேன்.

ஆகவே நிறுத்தவில்லை.
ரீவியை மட்டும் அணைத்து
பெட்டியின் பச்சை வெளிச்சத்துக்குத் துவாய் போட்டு
பதினொரு நாள்.
நான் காப்புறுதிக் கந்தோரின் ஆறு மாடி துடைக்க,
மூன்று மாத முத்திரைக்கு விடிய ஐந்துக்கே வரிசையில் நிற்க,
கருவாட்டு மணத்துக்காகக் கீழ்வீட்டிடம் மன்னிப்புக் கேட்க,
அவள் மணிக்கூட்டறையில் நின்றாள்.
தோள் ஏறி இறங்கும்.
இருண்ட ரீவிக்குள்ளும் அது இறங்கி ஏறுவது
எனக்குத் தெரியும்.
போகும்போதும் வரும்போதும்
துவாய்க்குக் கீழே கையை வைத்துப் பார்ப்பேன்,
காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றி.

பன்னிரண்டாம் நாள்
நான்தான்.
ஹீற்றர் எரிய, அடுப்பு எரிய,
உழுந்து அரைக்க மிக்சியையும் போட்டேன்.
டக்.

மாவுக்கை காயும்வரை இருட்டில் நின்றேன்.
ரயில் வெளிச்சம் வந்து பார்த்துவிட்டுப் போனது.

பிறகு முதலிலிருந்து.
பதினொரு இரவாய் நடந்த தூரம்
இந்தமுறை ஒன்பதரைக்குள் முடிந்தது.
எந்தக் கதவுக்குப் பின்னால் எது நிற்கும்,
எது இடப்பக்கம் சாய்ந்து நடக்கும், எல்லாம் தெரியும்.
இரண்டொன்றைச் சுடாமல்
ஒதுங்கி வழிவிட்டேன்.
எத்தனை நாள் பழக்கம்.

மார்கழியில் அட்டை வந்தது.
விரல் நகமளவு தடிப்பு,
சம்பளக் கடிதத்தில் சுற்றி.
மணிக்கூட்டுக்குச் சாவி கொடுத்தேன்.
பதிகிறேன் என்றது, பதிந்தது.
முதல்தரமாய்ப் பெட்டியை நிறுத்தினேன்.
பச்சை அணைந்தது.
படுத்தேன்.

இரண்டரைக்கு எழும்பிப் போய்
துவாய்க்குக் கீழே கையை வைத்தேன்.
குளிர்.
என்னப்பா, என்றார் குணாளன், நித்திரைக்குள்.
விசேஷமாய் எதுவும் இல்லை என்றேன்,
டொச்சில்.
அவருக்கு விளங்கவில்லை.
போர்வையை இழுத்துக்கொண்டு
மற்றப் பக்கம் திரும்பினார்.